வற்றத்தில் சேற்றில் சிக்கிய கயாக்

உப்புச் சதுப்பு நில ஓடைகளில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டுவது எனக்கு உயிர். ஒருமுறை கொக்குகளைப் பார்த்தபடியே உள்ளே போய்விட்டேன். கடல் நீர் பின்வாங்கி ஓடை வற்றத் தொடங்கி, படகின் முன்பகுதி சேற்றில் ஒட்டிக்கொண்டது. இறங்கித் தள்ளலாமா என்று துடுப்பை ஊன்றிப் பார்த்தேன். பாதித் துடுப்பு உள்ளே போனது. இழுத்தால் கருஞ்சேறு, கூடவே அழுகிய முட்டை வாடை. சரி, இறங்கவே கூடாது.

உடலைப் பின்னால் சாய்த்து, இடுப்பை இடம்வலமாக அசைத்து, துடுப்பின் அகன்ற முகத்தைச் சேற்றில் படுக்க வைத்துத் தள்ளினேன். அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி நடு ஓடைக்கு வந்தேன்.

அதற்கப்புறம், கடல் நீர் மிக உயர்ந்து நிற்கும் உச்ச ஏற்றத்துக்கு 2 மணி நேரம் முன்பே போய், நீர் திரும்புவதற்குள் கிளம்பிவிடுகிறேன். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பக் கூடாது.