பேடு மாற்றியும் பிரேக் கோளாறு போகவில்லையா? ஷெட்டில் நாம் செய்யும் தவறுகள்

"பிரேக் பேடு மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை, மறுபடி அதே உதறல்." மதுரையில் கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். பழி முழுவதும் மெக்கானிக் தலையில் விழும். அதில் பாதி நாம் ஷெட்டில் பேசுகிற பேச்சுக்குச் சேர வேண்டியது.

உள்ளே நுழைந்ததும், "அண்ணே, பேடு போயிருச்சு, மாத்திவிட்ருங்க" என்கிறோம். கேட்டதை அவர் செய்து கொடுத்துவிடுகிறார். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற வட்டை அழுத்திப் பிடிக்கும் பேடும் தேய்ந்துதான் இருந்திருக்கும். ஏன் தேய்ந்தது என்று நாமும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. பாகத்தின் பெயரை அவரிடமே விட்டுவிட்டு, வண்டி என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். காளவாசல் நெரிசலில் ஊர்ந்து போகும்போதா, ரிங் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போதா? வண்டி சூடான பிறகா, காலையில் முதல் மிதியிலேயா? ஸ்டீயரிங் உதறுகிறதா, பெடல் காலை உதைக்கிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா?

இதெல்லாம் வெட்டிப் பேச்சு இல்லை. வேகத்தில் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுவது பெரும்பாலும் முன் டிஸ்க் சமாச்சாரம். பெடல் மெத்தென்று அமுங்கினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கலாம். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால் பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைச் சந்தேகப்பட வேண்டும். இவை எதற்கும் புது பேடு மருந்தாகாது.

அடுத்தது, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. வண்டி ராத்திரி முழுக்க ஷெட்டில் ஆறிக் கிடக்கும். காலையில் பையன் தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் ஓட்டிய தூரத்தில் கோளாறு வராது. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிரேக் சூடாகும் வரை ஓட்டி, கோளாறு வந்ததும் வண்டியை அவர் கையில் கொடுங்கள். பெடலின் நடுக்கத்தை அவர் கால் உணர்ந்தால்தான் வேலை ஆரம்பிக்கும்.

கொடைக்கானல் போய் வந்தவர்களின் புகார் தனி ரகம். மலை இறங்கும்போது பெடல் லூசாகிவிடும்; வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு ஏறினால் ஜோராகப் பிடிக்கும்; மதுரை ஷெட்டில் எதுவுமே தெரியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 (DOT 4) என்ற தர வகை ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155. டாட் 3-க்கு அதுவே 205, 140. மூன்றாவது, நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பழைய ஆயில் கொதித்து, லைனில் ஆவி சேர்ந்து, பெடல் அமுங்கிப் போகும். ஆறினால் பழைய நிலைதான். எனவே எந்த கியரில் இறங்கினீர்கள், ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

கழற்றிய பேடைப் பார்க்காமல் வருவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. ஒரே சக்கரத்தின் உள் பேடையும் வெளி பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தகடு வரை தேய்ந்து, மற்றொன்று பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான 'பின்' (pin) துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரேக்குக்கான கிரீஸ் வைத்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். இடது, வலது சக்கரங்களுக்குள் தேய்மானம் வேறுபட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டனையோ, ஆயில் போகும் ரப்பர் ஹோஸையோ பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ் உள்ளுக்குள் ஊதியிருந்தால் ஆயில் போகும், சட்டென்று திரும்பாது. சக்கரம் பிடித்தபடியே ஓடிக் கொதிக்கும்.

"டிஸ்க்கை லேத்துல விட்டு எடுத்தா சரியாப் போயிரும் சார்" என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கிற வசனம். டிஸ்க்கின் மேற்பரப்பைக் கடைந்து சமமாக்குவதால் கொஞ்ச நாளைக்குச் சரியாகும்தான். சக்கரம் பொருத்தும் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு இருந்தாலோ, பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளை ஏறுக்கு மாறாக முறுக்கியிருந்தாலோ உதறல் திரும்ப வரும். டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் லேத்து கூடாது, புதுசுதான்.

கோபத்தில் ஷெட்டை மாற்றுகிறவர்கள் பழைய பில்லைப் புது மெக்கானிக்கிடம் மறைப்பார்கள். அவரே கண்டுபிடிக்கட்டுமே என்ற எண்ணம். அவரும் பேடிலிருந்தே ஆரம்பிப்பார், அதற்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். மாற்றிய பாகங்களும் கிலோமீட்டர் கணக்கும் ஒரு தாளில் இருந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதும் வீண். எதனால் சரியானது என்றே தெரியாது. ஒரு விதிவிலக்கு: பேடு மாற்றினால் அந்த அச்சின் இரண்டு சக்கரத்திலும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். ஒன்று ஒழுகுகிறது, இல்லை பேடு தேய்ந்ததால் ஆயில் மட்டம் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டையும் ஜாக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெடல் தரை வரை போய்விட்டால் "ஹேண்ட் பிரேக் இருக்குல்ல, மெதுவா ஓட்டிட்டு வந்துர்றேன்" என்ற பேச்சே வேண்டாம். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.