ஈகிளைப் படமெடுக்கத் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு

புதிதாகத் தொலைநோக்கி வாங்கிய தம்பி யாராவது மாதத்துக்கு ஒருமுறை கேட்டுவிடுவார்: "அண்ணா, அப்போலோ இறங்கின வண்டி தெரியுமா? போட்டோ எடுக்கலாமா?" அவர் கேட்பது நிலாவில் நிற்கும் அப்போலோ 11-இன் ஈகிள் வண்டியை. பத்து வருடம் முன்பு நான் கேட்ட அதே கேள்வி. கேமரா ஆட்டம், லென்ஸில் பனி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு ராத்திரி பட்டால் தானே தெரிந்துவிடும்.

பெரிதாக்கப் பணம் கொட்டுவது

என்னுடையது 8 அங்குலத் தொலைநோக்கி, அதாவது கண்ணாடியின் விட்டம் 8 அங்குலம். ஈகிள் தெரியவில்லை. சரி, உருப்பெருக்கம் போதவில்லை என்று 5 மடங்கு பார்லோ லென்ஸ் வாங்கினேன். நிலா பெரிதானது, மங்கலும் கூடவே பெரிதானது. படத்தை ஷார்ப்பன் செய்துகொண்டே போனதில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்தது. அம்புக்குறி போட்டு, "அப்போலோ 11" என்று எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அது வெறும் நாய்ஸ், கேமரா தானாகப் போட்ட பொய்ப் புள்ளி.

கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம். அங்கே நிற்பது ஈகிளின் கீழ்ப்பாதி மட்டும். மேல்பாதியில்தான் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கிளம்பி வந்தார்கள். விரித்த கால்களோடு அளந்தாலும் அகலம் 9 மீட்டர் சொச்சம். நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தொலைவில் 8 அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவே ஏறக்குறைய 1 கிலோமீட்டர். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியே சுமார் 90 மீட்டரோடு நின்றுவிடும். பிரித்துக் காட்டும் திறன் கண்ணாடியின் விட்டத்தில் இருக்கிறது. பார்லோ கிடைத்த படத்தை ஊதித்தான் காட்டும். இன்றும் பெட்டிமேல் "675 மடங்கு" என்று அச்சடித்து விற்பதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

ஈகிளைப் பிடித்தவை நிலாவைச் சுற்றும் கலங்கள்: நாசாவின் எல்ஆர்ஓ, நம் சந்திரயான்-2. சந்திரயானின் கேமராவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டர்.

பௌர்ணமியில் எடுப்பது

வேண்டாம். பள்ளங்களை எடுத்துக் காட்டும் நிழலே விழாது.

இடத்தையும் சேர்த்துக் கைவிடுவது

வண்டி கிடைக்காது என்றதும் பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இடம் கிடைக்குமே! நிலாவில் கருமையாகத் தெரியும் சமவெளிகளில் ஒன்றான அமைதிக் கடலின் தென்மேற்கு ஓரத்தில் சபின், ரிட்டர் என இரட்டைப் பள்ளங்கள். அவற்றுக்குக் கிழக்கே வரிசையாக மூன்று பொடிப் பள்ளங்கள்: ஆல்ட்ரின், காலின்ஸ், ஆம்ஸ்ட்ராங். காலின்ஸ் 2.4 கிலோமீட்டர்தான். அதற்குச் சற்றுத் தெற்கே ஈகிள். அங்கே பொழுது விடிவது வளர்பிறை சஷ்டியை ஒட்டி. நாள்காட்டியில் சஷ்டி, சப்தமி இரண்டையும் குறித்து வையுங்கள்.

வெயில் குடித்த மொட்டை மாடி

பொழுது சாய்ந்தபின்னும் தளம் சுட்டுக்கொண்டே இருக்கும். மேலே காற்று நெளியும். தொலைநோக்கியை மண் தரைக்கு இறக்குங்கள். வீடியோ எடுத்து, தெளிவான ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். அப்படியும் எனக்குக் காலின்ஸ் சிக்கியது மூன்றாவது சஷ்டியில்தான்.