கிளம்பும் முன் மூன்று நிமிடம்

பைக் பழகும்போது கிளட்ச், கியர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கிளம்பும் முன் வண்டியைப் பார்க்கச் சொல்பவர்கள் குறைவு. அதற்கு மூன்று நிமிடமும் ஒரு பழைய துணியும் போதும். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டியை வைத்துச் சொல்கிறேன். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தில் தொடங்கி ஒரு சுற்று வாருங்கள். தினமும் அதே வரிசையில் பார்த்தால் எதுவும் விட்டுப்போகாது.

1. டயர்

அதிக நேரம் இதற்குத்தான். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி ஆணி, முள், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள்தான் பெரிய தொல்லை. குத்தி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும், காற்று ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. காலையில் கட்டைவிரலால் அழுத்தியபோது பின் டயர் கெட்டியாகத்தான் தெரிந்தது. பெட்ரோல் பங்கில் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்தால் 17 பிஎஸ்ஐ காட்டியது. இருக்க வேண்டியது 28. அன்றிலிருந்து விரலை நம்புவதில்லை, வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கிறேன்.

இந்த வகை வண்டிகளுக்குத் தனியாக ஓட்டும்போது முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயர் சூடாவதற்கு முன்பே காற்றுப் பிடியுங்கள். பங்கில் “பார்த்து அடிங்க அண்ணே” என்று விட்டுவிடாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு தெரியும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழையில் அந்த டயர் பிடிக்காது.

2. பிரேக்

முன் லீவரைப் பிடித்துப் பாருங்கள். கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் கேபிளை இறுக்க வேண்டும். லீவர் பக்கம் கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், மற்ற இழைகளும் சீக்கிரமே அறும்.

பின்னால் பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டு கழன்றிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். டிரம் பிரேக்காக இருந்தால் டிரம் பக்கம் குனிந்து, ஒருவரை மிதியை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு சின்ன அம்புக்குறி நகரும். அது எதிரே உள்ள குறியைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, இனி நட்டை இறுக்கிப் பயனில்லை. டிஸ்க் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

3. செயின்

இன்ஜின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ஓடும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே விரல் மாட்டினால் விரல் போய்விடும். செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆடினால் சரி.

4. லைட்

2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரியும். அதனால் மற்ற லைட்டுகளை யாரும் பார்ப்பதில்லை. முக்கியமானது பிரேக் லைட். முன் லீவருக்கு ஒரு சுவிட்ச், பின் மிதிக்கு ஒரு சுவிட்ச். தனித்தனியே அழுத்தி, பின்னால் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இண்டிகேட்டர், ஹாரன்.

5. ஆக்சிலரேட்டர், ஆயில்

முறுக்கி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் அளவை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

6. பின்னால் உட்காருபவர்

சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரப் பக்கம் தொங்கக் கூடாது. பின் சக்கரத்தின் பக்கம் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டு கழன்றிருந்தால் உடனே மாட்டுங்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் நாட்களில் நான் இதை இரண்டு தடவை பார்ப்பேன்.

7. முதல் பத்து மீட்டர்

சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா? தெருமுனைக்குப் போகும் முன்பே, மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். இரண்டும் பிடித்தால் மெயின் ரோட்டுக்கு ஏறலாம். ஒன்று பிடிக்காவிட்டாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புங்கள்.