குளிர்கால ஷபாத்: யூத நண்பர்களின் வீட்டிலும் ஜெப ஆலயத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் வடமேற்கில் எட்ஜ்வேர், ஹென்டன், கோல்டர்ஸ் கிரீன் பக்கம் குடியேறும் நம்மவர்களுக்கு யூதர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பல பேருக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள். கோடை முழுக்கச் சுமுகமாகப் போகும் பழக்கத்தில், நவம்பர் பிறந்து இருட்டு சீக்கிரம் இறங்க ஆரம்பித்ததும் சின்னச் சின்ன மனக்கசப்புகள் முளைக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. உதவப் போன இடத்தில், உபசாரம் செய்யப் போன இடத்தில்தான் தவறு நேர்கிறது. அவர்களுடைய குளிர்கால வாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் இதில் முக்கால்வாசியைத் தவிர்த்துவிடலாம்.

முதல் தவறு, வெள்ளிக்கிழமையைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவது. நமக்கு அது இயல்பாக வருவதில் ஆச்சரியமில்லை. சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான். லண்டனில் ஜூன் கடைசியில் இரவு 9.20 ஆகும், டிசம்பர் நடுவில் மாலை நான்குக்கு முன்பே மறைந்துவிடும். ஷபாத் என்ற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் தொடங்கி, மறுநாள் வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம் நீடிக்கும். டிசம்பரில் வீட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் பிற்பகல் 3.40க்கும் முன்னால். அதற்குள் சமையல் முடிந்திருக்க வேண்டும், குளித்திருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதனால்தான் இங்குள்ள யூதப் பள்ளிகள் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரமே விட்டுவிடுகின்றன.

எனவே டிசம்பர் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். “கோடையில் ஐந்து மணிவரை இருந்தாரே, இப்போது மட்டும் ஏன் ஒன்றரைக்கே கிளம்புகிறார்” என்று யாராவது கேட்டால், பதில் வானத்தில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். ரயில் தாமதமானால் அவருக்கு அது வெறும் தாமதம் அல்ல. சூரியன் மறைந்தபின் வண்டியில் போவதே கூடாது என்பதால், பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு நடக்க நேரிடும். விட்டுப்போன மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமையோ மற்ற மாலைகளிலோ ஈடுகட்டுகிறவர்கள் அநேகம். நீங்கள் மேலாளராக இருந்தால் அந்தக் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றுவதில் ஒரு நட்டமும் இல்லை.

வார நாட்களிலும் இதே கணக்குதான். காலைத் தொழுகையில் ஆண்கள் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலின் என்ற சிறு தோல் பெட்டிகளை விடியல் வெளிச்சம் வருமுன் கட்டக் கூடாது. லண்டனில் டிசம்பர் இறுதியில் சூரியன் உதிப்பதே எட்டு மணிக்கு மேல். அதனால் ஏழு மணியை ஒட்டித்தான் தொழுகையையே தொடங்க முடியும்; அலுவலகத்துக்கு எட்டரைக்கு வந்து சேர்ந்தால் அதுவே பெரிது. பிற்பகல் தொழுகையோ சூரியன் மறைவதற்குள் முடிந்தாக வேண்டும். பல அலுவலகக் கட்டடங்களில் மதிய இடைவேளையில் ஒரு சிறு அறையில் பத்துப் பேர் கூடுவது இதற்காகத்தான். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் முறையில் பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் சபை. ஒன்பது பேர் இருந்து பத்தாமவர் வராவிட்டால், அண்மையில் தந்தையை இழந்த ஒருவர் அன்று கடிஷ் என்ற துக்க ஜெபத்தைச் சொல்ல முடியாமல் போகும். “பத்து நிமிஷம்தானே, இன்றைக்கு விட்டுவிடுங்கள்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

விருந்துக்கு அழைத்தால் நேரத்தைத் தவறாக எடுத்துக்கொள்வது அடுத்தது. “தொழுகை முடிந்ததும் வாருங்கள்” என்பார்கள். நாம் இரவுச் சாப்பாடுதானே என்று ஏழரைக்குப் போய் நிற்போம். டிசம்பரில் வெள்ளி மாலைத் தொழுகை ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். மேசையில் அவர்கள் உட்காருவதே ஐந்தே காலுக்கு. சனிக்கிழமை மதிய விருந்து என்றால் இன்னொரு நெருக்கடி உண்டு. ஷபாத்தில் மூன்று வேளை விருந்துண்பது மரபு. காலைத் தொழுகை முடிந்து சாப்பிட உட்காருவதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும். பிற்பகல் தொழுகையும் மூன்றாவது வேளையும் சூரியன் மறைவதற்குள் இருக்க வேண்டும். ஆகவே இரண்டரைக்கு மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால், அவர்கள் முகம் கோணாமல் தவிப்பார்கள். நாமே எழுந்து விடைபெறுவது அழகு.

சாப்பாட்டு மேசையில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். பாட்டு முடிந்து, பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஆசி சொல்லி, திராட்சை மது நிரம்பிய கிண்ணத்தோடு ஷபாத்தை வரவேற்கும் கிடுஷ் என்ற ஆசியை ஓதிய பிறகு, ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போவார்கள். இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் நீர் எடுத்து, முதலில் வலக்கையில், பிறகு இடக்கையில் ஊற்றி, மெல்லிய குரலில் ஒரு ஆசி சொல்லி, கை துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். அதன்பின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். துணியால் மூடி வைத்த இரண்டு ஹல்லா ரொட்டிகளை எடுத்து, ஆசி சொல்லி, வெட்டி, உப்பில் தொட்டு, ஒரு துண்டு வாயில் போகும்வரை அந்த அமைதி நீடிக்கும். முதன்முறை போகிறவர்கள் “என்ன திடீரென்று எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள், நாம் ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டோமா” என்று பதறி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் சைகையால் பதில் சொல்லத் திணறுவார்கள். ஒரு இரண்டு நிமிடம் நாமும் சும்மா இருந்தால் போதும்.

எழுந்துபோய்ச் சமையலறையில் ஒத்தாசை செய்வது நம் வீட்டுப் பழக்கம். யூதச் சமையலறையில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனித் துலக்கும் பஞ்சு. பல வீடுகளில் கழுவும் தொட்டியே இரண்டு. வெள்ளி மாலையே மின்சாரச் சூட்டுத் தகட்டில் ஏற்றி இரவெல்லாம் வேகும் சோலண்ட் இருக்கும். பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி சேர்ந்த குளிர்காலக் குழம்பு அது. அடிப்பிடிக்குமோ என்று மூடியைத் திறந்து கிளறிவிடாதீர்கள். சூட்டைக் கூட்டவும் கூடாது. ஷபாத்தில் அதுவும் சமைக்கும் வேலையாகிவிடும். இறைச்சி விருந்து முடிந்ததும் பால் டீ எதிர்பார்க்க வேண்டாம். இங்கிலாந்து யூதர்களில் பலர் மூன்று மணி நேரமும், வேறு பலர் ஆறு மணி நேரமும் இடைவெளி விடுவார்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்ற எண்ணத்தில் வீட்டில் சுட்ட முறுக்கையோ லட்டையோ எடுத்துக்கொண்டு போவோம். சைவம்தானே என்று தோன்றும். ஆனால் கோஷர் என்ற யூத உணவுச் சட்டம் பொருளோடு முடிவதில்லை. சமைத்த பாத்திரம், அடுப்பு எல்லாம் கணக்கில் வரும். அவர்கள் அதைத் தொடாமல் ஓரமாக வைத்துவிட்டால் நம் மனம் உடனே தீட்டு, சாதி என்று போகும். அப்படி ஒன்றும் இல்லை. கோஷர் பார்க்காத யூத உறவினர் வீட்டுப் பலகாரத்தையும் அவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். வெட்டாத முழுப்பழம் கொண்டுபோகலாம். பூங்கொத்து என்றால் வெள்ளி காலையிலேயே கொடுத்து அனுப்புங்கள். ஷபாத் தொடங்கியபின் புதிதாகப் பூவைத் தண்ணீரில் வைக்க மாட்டார்கள். மது என்றால் கோஷர் முத்திரை உள்ள, மூடி திறக்காத புட்டி. அதை நீங்களே திறந்து மற்றவர்களுக்கு ஊற்ற முனையாதீர்கள். யூதர் அல்லாதவர் கையாண்ட மதுவைப் பற்றிப் பழைய சட்டம் ஒன்று உண்டு. சில வகை மதுவுக்கு அது இன்றும் பொருந்தும்.

இனி விளக்கும் வெப்பமும். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, பழக்க தோஷத்தில் விளக்கை அணைத்துவிடுவோம். ஷபாத் வீட்டில் அந்த விளக்கு 25 மணி நேரமும் எரிவதற்காகவே விட்டுவைக்கப்பட்டது. அணைத்தால், ஷபாத்தில் விளக்கைப் போடக் கூடாது என்பதால், அவர்கள் திரும்பப் போட மாட்டார்கள். போடச் சொல்லி உங்களிடம் கேட்கவும் தயங்குவார்கள். ஐந்து மணிக்கே கும்மிருட்டான ஒரு வீட்டில், சின்னப் பிள்ளைகளோடு அந்த இரவு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியையும் கேட்டுவிட்டுத் திறங்கள். உள்விளக்கை முன்கூட்டியே முடக்கி வைத்திருக்கிறார்களா என்று அவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் மின்மணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. இருட்டாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு நாமாகவே விளக்கைப் போடுவது. ஒரு யூதருக்காக மற்றவர் ஷபாத்தில் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தை அவர் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். நல்லெண்ணத்தில் போட்ட விளக்கால் அவர்கள் அந்த அறையை விட்டே எழுந்துபோக நேரிடலாம். குளிருக்கு மட்டும் சலுகை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஜோசப் கரோ தொகுத்த ஷுல்ஹான் அருக் என்ற சட்டநூல், குளிர்நாடுகளில் குழந்தைகளுக்காகவும், கடுங்குளிரில் பெரியவர்களுக்காகவும் யூதர் அல்லாதவர் நெருப்பு மூட்டலாம் என்கிறது. குளிர் முன் எல்லோருமே நோயாளிகள்தான் என்று காரணமும் சொல்கிறது. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த வரி அது. பனி கொட்டும் சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “எங்கள் வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது, பிள்ளைகளுக்குக் குளிர்கிறது” என்று சொல்லி நின்றால், “நான் வந்து பார்க்கட்டுமா?” என்று உடனே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் இல்லை. அவர்களே தொலைபேசி எடுத்து ஆம்புலன்ஸை அழைப்பார்கள்.

தெருவில் மழையில் நனைந்துகொண்டே குடும்பமாக நடந்து போகிறவர்களைப் பார்த்துக் காரை நிறுத்தாதவர் நம்மில் குறைவு. ஒருமுறை கேட்பது மரியாதை, மறுத்தபின் வற்புறுத்தாதீர்கள். குடை விரிப்பதும் ஷபாத்தில் கூடாது என்பதால்தான் நனைகிறார்கள். பொது இடத்தில் பொருளைத் தூக்கிச் செல்வதும் கூடாது. இதற்கு வழியாகத்தான் கம்பங்களும் கம்பிகளும் கொண்டு ஒரு பகுதியையே வளைத்து எருவ் என்ற எல்லை அமைக்கிறார்கள். வடமேற்கு லண்டனில் 2003இல் ஒன்று அமைந்தது. ஒவ்வொரு வாரமும் ஷபாத்துக்கு முன் அதைச் சோதிப்பார்கள். புயலில் கம்பி அறுந்து, சரிசெய்ய நேரமில்லாமல் போனால், அந்த வாரம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுவர முடியாது. கைக்குழந்தைக்காரி கடைசி நேரத்தில் வரமுடியவில்லை என்று சொல்லி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜெப ஆலயத்துக்குப் போவதாக இருந்தால், அழைத்தவர் மூலம் உங்கள் பெயரை முன்கூட்டியே வாசல் காவலர்களிடம் சொல்லி வையுங்கள். தடித்த குளிர்ச்சட்டையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். 2018 அக்டோபர் 27ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க் நகரில் தொழுகைக்கு வந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அச்சம் இன்னும் தீரவில்லை. கைபேசியை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள். படம் வேண்டாம், குறிப்பெடுப்பதும் வேண்டாம். ஆண்கள் தலையை மூட வேண்டும். வாசலில் குல்லா வைத்திருப்பார்கள். தொழுகைச் சால்வை யூதர்களுக்கு மட்டும். ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஆண், பெண் தனித்தனி இருக்கை. தொழுகைப் புத்தகத்தைத் தரையில் வைக்கக் கூடாது. வேதச் சுருள்கள் இருக்கும் பேழை திறந்து எல்லோரும் எழும்போது நாமும் எழ வேண்டும். மற்றதை அவர்கள் பெரிதுபடுத்துவதில்லை.

ஹனுக்கா வந்ததும் “இது உங்கள் கிறிஸ்துமஸ்” என்றோ “உங்கள் தீபாவளி” என்றோ சொல்லிவிடுகிறோம். இரண்டும் பொருந்தாது. கிறிஸ்துவுக்கு முன் 164இல் மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுப் புனிதப்படுத்தியதன் நினைவு அது. எட்டு இரவுகள் விளக்கேற்றினாலும், வேலைக்குப் போகத் தடையில்லாத சிறிய பண்டிகை. வாரந்தோறும் வரும் ஷபாத் அதைவிட உயர்ந்தது. அந்த விளக்கொளியில் படிப்பதோ, அந்தச் சுடரில் வேறு எதையும் பற்றவைப்பதோ கூடாது. அதற்காகத்தான் ஒன்பதாவதாக ஒரு துணைத்திரி. வெள்ளிக்கிழமையன்று ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, பிறகே ஷபாத் விளக்கை ஏற்றுவார்கள். அன்று பிற்பகலில் போய் அவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்க வேண்டாம்.

ஹனுக்கா முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில், தெவேத் என்ற யூத மாதத்தின் பத்தாம் நாள் நோன்பு வரும். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டதை நினைத்து, விடியலிலிருந்து இருட்டும்வரை தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்கள். அது துக்க நாள்; வாழ்த்துச் சொல்லக் கூடாது. “நோன்பு எளிதாகக் கழியட்டும்” என்றால் போதும்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, சனிக்கிழமை கார் ஓட்டும் ஒரு யூதரைப் பார்த்து “நீங்கள் ஓட்டலாமா?” என்று கேட்டுவிடாதீர்கள். சீர்திருத்த, தாராளவாதச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இவற்றில் பலவற்றை வேறு விதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே அமர்கிறார்கள். எதையும் கடைப்பிடிக்காமல், வெள்ளி இரவில் மட்டும் குடும்பமாகக் கூடுகிறவர்களும் உண்டு. எந்த வீட்டில் என்ன வழக்கம் என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள். கேட்க ஏற்ற நாள் வியாழன். வெள்ளி காலையில் அடுப்பில் நாலு பாத்திரம் இருக்கும். வியாழன் தவறினால் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூப்பிடலாம். டிசம்பர், ஜனவரியில் அப்போது ஷபாத் முடிந்திருக்கும், நீண்ட இரவும் மீதி இருக்கும். “ஷவுவா தோவ்” என்று நல்ல வாரத்துக்கு வாழ்த்திவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.