ஓகஸ்டில் மலையகம் போகிறவர்கள் எந்தப் பக்கம் போவது?

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒரு வானைப் பிடித்து நுவரெலியாவுக்குப் போய், மூன்று நாளும் மழைக்குள் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்களை எனக்கு நிறையத் தெரியும். 2017 ஓகஸ்டில் நாங்களும் அப்படித்தான் போனோம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. இணையத்தில் படம் பார்த்துப் பிடித்த விடுதியில் கணப்பு இல்லை. சுடுநீர் கூரையில் இருந்த சூரிய ஒளித் தாங்கியில் இருந்து வரவேண்டும். மூன்று நாளும் சூரியனே வரவில்லை. போர்வையைத் தொட்டால் ஈரம். அம்மா இரண்டு சேலையைச் சுற்றி, அதற்கு மேல் என்னுடைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தா.

மூன்றாம் நாள் காலை வான் ஓட்டி வந்த தம்பி கேட்டார். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுங்க. நீங்க ஏன் இங்க கெடந்து நனையிறீங்க?" உடனே பெட்டியைக் கட்டினோம். வெலிமடை தாண்டும்போதே வானம் வெளுத்தது. பண்டாரவளையில் இறங்கியதும் அம்மா செய்த முதல் வேலை, நனைந்த உடுப்புகளை எல்லாம் எடுத்து முற்றத்துக் கொடியில் காயப் போட்டதுதான். இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த ஓட்டம். அந்தத் தம்பி சொன்னதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் நடுவில் நிற்கிற மலைத்தொடர் இரண்டு மழைக்காலங்களையும் பிரிக்கிற சுவர் மாதிரி. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் அடித்து மழையைக் கொட்டிவிடும். ஈரம் போன காற்று மறுபுறம், ஊவாப் பக்கம், வறண்டு இறங்கும். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை எல்லாம் அந்தப் பக்கம். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வருகிற தனி வாசமும் இந்த வறண்ட காற்றால்தான். ஆகவே பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் ஊவாவில் தங்குங்கள். நுவரெலியாவை ஒரு பகல் பார்த்துவிட்டு வரலாம்.

டிசெம்பரில் நிலைமை புரளும். வடகீழ்ப் பருவக்காற்று பதுளைப் பக்கம் மழையைக் கொண்டுவரும்; நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் மண்சரிவு எச்சரிக்கையைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக அதை வெளியிடும். பெப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமும் நல்லது. நுவரெலியாவுக்கு அதுதான் காலம்: வானம் தெளிவு, விடியற்காலையில் புல்லின் மேல் துகள் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். ஏப்ரலில் அங்கே 'சீசன்'. மலர்க் கண்காட்சி, குதிரை ஓட்டம் என்று கொழும்பே மேலே ஏறிவிடும். அறை வாடகையும் கூடவே ஏறும். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

"நாங்கள் கனடாக் குளிரையே கண்டவர்கள்" என்று சொல்லிக்கொண்டு மெல்லிய உடுப்போடு வராதீர்கள். கனடாவில் குளிர் வெளியில், வீட்டுக்குள் சூடு. நுவரெலியாவில் வெளியில் எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவுதான். அந்த ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான இரவுகளில் 10, 12 பாகை என்பது எண்ணிக்கையில் பெரிதில்லை, ஆனால் ஈரக் குளிர், எலும்புக்குள் போகும். அறை பிடிக்க முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: கணப்பு உண்டா, சுடுநீர் மின்சாரத்திலா சூரிய ஒளியிலா, எத்தனை படி ஏறவேண்டும். மூன்றாவது கேள்வியைப் பலர் மறப்பார்கள். மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் வீதியில் இருந்து அறைக்குப் போகவே ஐம்பது அறுபது படி இருக்கும். சொக்ஸ், காதை மூடும் தொப்பி, ஒரு சுடுநீர்ப் பை. முட்டு வருத்தம் உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.

போகிற வழியைப் பற்றி. கட்டுநாயக்காவில் இறங்கிய அன்றிரவே மலை ஏறவேண்டாம். நீங்களும் தூங்கி விழுவீர்கள், சாரதியும் நித்திரை முழிப்போடு இருப்பார். வளைவுகளில் மூடுபனி வேறு. யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் ஏ-9 வீதியால் கண்டிக்கு வந்து ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுவது உடம்புக்கு நல்லது. பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். இறம்பொடையில் மலைச்சரிவில் அனுமார் கோயில் இருக்கிறது. அங்கே இறங்கிக் கும்பிட்டால் பிள்ளைகளின் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் அடங்கும். அதற்குப் பிறகுதான் வளைவுகள் கடுமை. சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள். முன் சீற்றில் யாரை இருத்துவது என்பதை வீட்டிலேயே முடிவெடுங்கள்.

மலையக ரயில் பயணத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஆனால் ஒன்று: 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலையகம் பெரிய அழிவைச் சந்தித்தது. மண்சரிவில் உயிர்களும் வீடுகளும் போயின. ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. எந்த நிலையத்தில் இருந்து எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டே பயணத்தைத் திட்டமிடுங்கள். முன்பதிவு ஆசனங்கள் பெரும்பாலும் விற்பனை தொடங்கியதும் முடிந்துவிடும். ஒரு மாதம் முன்னதாகவே பார்க்கத் தொடங்குங்கள். குளிரூட்டிய முதலாம் வகுப்பை எடுக்கவேண்டாம், அதன் யன்னல் திறக்காது. இரண்டாம் வகுப்பு முன்பதிவுதான் குடும்பத்துக்குச் சரி. காற்று முகத்தில் அடிக்கும், வடை விற்கிறவரும் வருவார். அந்த வடையைச் சுற்றித் தருகிற தாளைப் பாருங்கள்: ஏதோ ஒரு பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி. எங்களுக்கு வந்த தாளில் ஒன்பதாம் வாய்ப்பாடு இருந்தது, சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. மகள் அதை ரொறன்ரோவரைக்கும் கொண்டுபோனாள்.

நுவரெலியாவுக்குக் கிட்டிய நிலையமான நானுஓயாவில் ஏறி அப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ போங்கள். வழியிலே மிக நல்ல பகுதி அதுதான். பட்டிப்பொல நிலையம் இலங்கையிலேயே உயரமானது, 1891 மீற்றர். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். மத்திய மாகாணமும் ஊவாவும் பிரிகிற இடம். ஓகஸ்டில் இந்தப் பக்கம் மழைத்துளி யன்னலில் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஒஹியப் பக்கம் வெயில். நான் மேலே சொன்ன காலநிலைக் கணக்கு முழுவதையும் அந்தச் சுரங்கம் ஒரு நிமிடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திவிடும். கதவில் தொங்கிப் படம் எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பாறையும் சுரங்கச் சுவரும் ரயிலுக்கு மிக அருகில் வரும். அப்படி விழுந்து இறந்த பயணிகள் இருக்கிறார்கள்.

அப்புத்தளை எனக்கு மிகவும் பிடித்த ஊர். ஏறத்தாழ 1400 மீற்றரில் ஒரு மலைமுதுகின் மேல் நிற்கிறது. வீதியின் ஒரு கரையில் நின்றால் தென்பகுதிச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். விடியவே எழும்பித் தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போங்கள். தோட்டத்து ஆட்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிற பஸ் அங்கே போகும். லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து மேலே லிப்டன் ஆசனம் என்கிற உச்சிக்கு ஏழு கிலோமீற்றர், தோட்டங்களுக்கு நடுவே. ஓட்டோவில் ஏறி, நடந்து இறங்குவது முழங்காலுக்கு முடிந்தவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஒன்பது மணிக்கு மேல் புகார் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

பண்டாரவளை கொஞ்சம் கீழே, ஏறத்தாழ 1200 மீற்றர். காலநிலை இதமாக இருக்கும். முதியவர்களோடு நாலைந்து நாள் தங்க இதைவிட நல்ல இடம் மலையகத்தில் இல்லை என்பேன். மருந்துக்கடை, வங்கி, தோசைக்கடை எல்லாம் நடை தூரத்தில். எல்ல இளையவர்களுக்கு. 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம், சிறு மலைகள், இரவில் பாட்டுப் போடுகிற கடைகள். பகலில் போய்ப் பார்த்துவிட்டுப் பண்டாரவளைக்குத் திரும்புங்கள். கதிர்காமம் ஆடிவேலுக்குப் போகிறவர்களுக்கு எல்லவில் இருந்து வெல்லவாய வழியாக இறங்குகிற பாதை வசதி; இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரமாகவே விழுகிறது. கீழே போகப் போகக் கதவைத் திறந்த அடுப்பு மாதிரி வெக்கை ஏறும், தண்ணீர் வைத்திருங்கள்.

நுவரெலியாவில் ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் சீதா எலியவுக்கும் ஹக்கலைக்கும் போங்கள், இரண்டும் அருகருகே. சீதையம்மன் கோயில் ஓடைக்கரையில் இருக்கிறது. ஹக்கலைப் பூங்கா 1861இல் மலேரியாவுக்குக் கொயினா மரம் வளர்க்கத் தொடங்கியது. ஹோட்டன் சமவெளிக்குப் போவதென்றால் விடியலில் வாசலில் நிற்கவேண்டும். ஒன்பது கிலோமீற்றர் சுற்று நடை. உலக முடிவு என்கிற மலை விளிம்பில் 800 மீற்றருக்கு மேல் பள்ளம். பொலித்தீன் பைகளை வாசலில் வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இப்படியான இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

இனி நான் மிகவும் கேட்டுக்கொள்கிற விஷயம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் இருந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். பலர் வழியிலேயே இறந்தார்கள். முதலில் கோப்பி, அது நோயில் அழிந்தபின் தேயிலை. 1948இல் சட்டம் போட்டு இவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். கலவரங்களுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்கள் உங்கள் ஊரிலேயே அயலவராக இருந்திருப்பார்கள். நாங்கள் அகதி என்ற சொல்லின் எடையை அறிந்தவர்கள். இந்த மக்களைத் தேயிலைப் படத்தின் ஒரு பகுதியாக மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது.

கொழுந்து பறிக்கிற அம்மாவைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்கிற சரிவில், நிறைக்குக் கணக்குப் பார்க்கிற ஆளுக்கு முன்னால் நின்று உழைக்கிற நேரம் அது. அவரை நிறுத்தி வைத்தால் கொழுந்து குறையும், குறைந்தால் முழு நாள் வேலையாகப் பேர் போடமாட்டார்கள், சம்பளம் குறையும். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் வீதியோரம் வந்து நிற்பார்கள், அப்போது பேசலாம். "அக்கா, எந்தத் தோட்டம்?" என்று தொடங்கினால் போதும், எங்கள் தமிழைக் கேட்டதும் "யாழ்ப்பாணமுங்களா?" என்று அவர்களே கேட்பார்கள். லயத்துக்குள், அதாவது அவர்களின் வரிசை வீடுகளுக்குள், அழைத்தால் போங்கள், அழைக்காமல் நுழையாதீர்கள். பிள்ளைகளுக்கு வீதியில் காசும் இனிப்பும் வீசவேண்டாம். கொடுக்க விரும்புகிறவர்கள் தோட்டப் பாடசாலை அதிபரைச் சந்தித்து எது தேவை என்று கேட்டுக் கொடுங்கள். சாப்பாட்டையும் ஓட்டோவையும் விடுதியில் எடுக்காமல் ஊரவர்களிடமே எடுத்தால் அந்தக் காசு அங்கேயே நிற்கும்.

தேயிலையைத் தொழிற்சாலையில் வாங்குங்கள். நுவரெலியாத் தேயிலை இளமஞ்சள் சாயம், மெல்லிய வாசம். பால் விடாமல் குடிக்க. பால் தேத்தண்ணி போடுகிற வீட்டுக்கு ஊவாவின் பி.ஓ.பி.எப் என்கிற பொடி ரகத் தூள் பொருந்தும், சாயம் நன்றாக இறங்கும். ஈயத்தாள் பொதியில் ஒட்டியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். பெட்டி அடுக்கும்போது கறித்தூளும் கருவாடும் ஒரு பெட்டியில், தேயிலை மற்றப் பெட்டியில். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அம்மா முதல்முறை கொண்டுவந்த இரண்டு கிலோவும் மார்ச் வரைக்கும் கருவாட்டு மணம்தான் மணத்தது.