சாட்பாட் அரசியல் கருத்தை மாற்றுகிறதா? ஆய்வில் இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் இப்போது இந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பழைய குழியிலேயே போய் விழுகிறார்கள். மாதிரி அளவு, கேள்வி வாசகம் பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பயன்படுத்துபவரையும் பயன்படுத்தாதவரையும் ஒப்பிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஒரு மாணவர் குழு, சாட்ஜிபிடியை அதிகம் பயன்படுத்துபவர்கள் தனியார்மயத்தை அதிகம் ஆதரிக்கிறார்கள், ஆகவே சாட்ஜிபிடிதான் அவர்களை மாற்றியது என்று எழுதிக்கொண்டு வந்தது. பயன்படுத்துபவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்கள், படித்தவர்கள், நகரத்துக்காரர்கள். அந்தக் கருத்து அவர்களுக்கு முன்பே இருந்திருக்கலாமே! வயதையும் படிப்பையும் கணக்கில் எடுத்துவிட்டோம் என்றார்கள். சரி, அரசியல் ஆர்வத்தை? தனக்குப் பிடித்த பதில் வரும்படியே கேள்வி கேட்கும் பழக்கத்தை? களப்பணிக் காசெல்லாம் செலவான பிறகு இதைச் சரிசெய்யவே முடியாது.

யாருக்கு எந்தச் சாட்பாட் என்பதைக் குலுக்கல் முறையில் நீங்களே ஒதுக்க வேண்டும். 2023-ல் மாரிஸ் யாகெஷ் குழு 1,506 பேரிடம் அப்படித்தான் செய்தது. சமூக ஊடகம் சமூகத்துக்கு நல்லதா என்று எழுதச் சொல்லி, சிலருக்குச் சமூக ஊடகத்துக்கு ஆதரவாக வாக்கியம் எடுத்துக்கொடுக்கும் ஏஐ உதவிக்கருவி, சிலருக்கு எதிராக எடுத்துக்கொடுப்பது, மீதிப்பேருக்கு எதுவும் இல்லை. எழுத்து மட்டுமல்ல, அப்புறம் தனியாகக் கேட்ட கருத்தும் கருவி சாய்ந்த பக்கம் நகர்ந்திருந்தது. குலுக்கலுக்கு வழியில்லையா, அதே ஆட்களிடம் பயன்படுத்தத் தொடங்கும் முன்பும் பின்பும் கேளுங்கள்.

பேசி முடித்த கையோடு அளந்து நிறுத்திக்கொள்வது

2024-ல் சயன்ஸ் இதழில் வந்த காஸ்டெல்லோ குழுவின் ஆய்வில், ஏஐயுடன் உரையாடியதும் சதிக் கோட்பாட்டு நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அளந்தார்கள், அதனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

வாக்காளருக்குப் பதில் சாட்பாட்டிடமே கருத்துக் கேட்பது

வேண்டாம்.

கருத்து மாறினால் போதும், சாட்பாட் சொன்னது உண்மையா என்று பார்க்காதது

பிரிட்டனில் சுமார் 77,000 பேரிடம் 19 ஏஐ மாடல்களை வைத்து நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. தகவல்களை அடுக்கிப் பேசும்போதுதான் ஏஐ அதிகம் வசப்படுத்தியது. வசப்படுத்தும் திறனைக் கூட்டக் கூட்ட, அது சொன்ன தகவல்களில் பிழையும் கூடியது. உரையாடல்களை முழுசாகச் சேமித்து வையுங்கள், இல்லையென்றால் எந்தப் பொய் யாரை நகர்த்தியது என்று பின்னால் தேட வழியே இருக்காது.