பந்தயக் காருக்கு எந்தச் சப்பாத்து? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நல்ல காலணி என்றால் அடி தடித்ததுதான். காய்ந்த மட்டையின் முள் ஏறாமலிருக்க வேறு வழியில்லை. அதே எண்ணத்தோடு சிப்பாங் கார்ப் பந்தய ஓடுகளத்துக்குச் சொந்தக் காரை எடுத்துச் செல்லும் எங்கள் ஊர் இளைஞர்கள், இருப்பதிலேயே கனமான சப்பாத்தை மாட்டிக்கொள்கிறார்கள். 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளப் போகிறதா என்பதையும் பாதம் உணர வேண்டும். தடித்த, பஞ்சு போன்ற அடிப்பாகம் அந்த உணர்வை மழுக்கிவிடும்.

காலால் ஓடும் பயிற்சிக்கான சப்பாத்து இன்னும் மோசம். அதன் அடிப்பாகம் இருபுறமும் விரிந்து நிற்பதால், பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது விளிம்பு பக்கத்துப் பெடலில் மாட்டிக்கொள்ளக்கூடும். பிரேக்கை அழுத்தியபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியரைக் குறைக்கப் பழகுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை முதல் நாளே புரியும். பந்தயச் சப்பாத்தின் அடி மெல்லியதாகவும் குறுகியதாகவும், குதிகால் உருளும்படி வளைந்தும் இருப்பது இதற்காகத்தான்.

நான் மிகவும் அஞ்சும் தவறு நெருப்பைப் பற்றியது. காற்றோட்டத்துக்காக விரும்பப்படும் பாலியெஸ்டர், நைலான் வலைத்துணி தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அனைத்துலக வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8856-2018 தரம் காலணியோடு காலுறையையும் உள்ளடக்கியது. ஆகவே விலையுயர்ந்த சப்பாத்துக்குள் நைலான் காலுறை அணிவது பாதிப் பாதுகாப்பே. வாங்கும்போது அந்தத் தர எண் பொறித்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். பந்தயச் சாயலில் தைத்து அன்றாடம் அணியவென விற்கப்படுபவற்றில் அது இருக்காது. கோ-கார்ட் எனும் சிறிய பந்தய வண்டிக்கான சப்பாத்து கணுக்காலைக் காக்கும் என்றாலும், பெரும்பாலும் தீத்தடுப்பு இல்லாதது.

அளவை நின்று மட்டும் பார்ப்பதும் தவறு. நம் வெயிலில், சூடேறிய காருக்குள் பாதம் வீங்கும். எனவே பந்தயத்தில் அணியப்போகும் காலுறையோடு, மாலை நேரத்தில், காரில் உட்காருவதுபோல் அமர்ந்து பாதத்தை மடக்கிப் பார்த்து வாங்குவதே நல்லது. நுனி விரல் இடிக்கவும் கூடாது, குதிகால் கழலவும் கூடாது. கயிற்று நுனிகளைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிவிட வேண்டும்.

பிற்பகல் இடிமழைக்குப் பின் கார்கள் நிற்கும் இடமெங்கும் நீரும் எண்ணெயும் கலந்து கிடக்கும். பந்தயச் சப்பாத்தோடு அங்கே நடந்துவிட்டு அப்படியே காரில் ஏறினால், பிரேக்கின் மேல் கால் வழுக்கும். காரின் கதவுவரை ஜப்பான் சிலிப்பரில் சென்று, அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கழற்றிய சிலிப்பரை இருக்கையடியில் போடாமல் வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது அது முன்னால் வழுக்கி வந்து பிரேக்குக்கு அடியில் சிக்கினால், பெடல் முழுமையாக இறங்காது.